தெளிந்த நீரும் தூய நீரும்



இன்று உங்களோடு தண்ணீரைப் பற்றிச் சிறிது நேரம் பேச விரும்புகிறேன். ‘தண்ணீரைப் பற்றி நாங்கள் அறியாதது என்ன இருக்கிறது?’ என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். வீட்டில் இருக்கும்வரை அந்த எண்ணம் பொருந்தும். தாகம் எடுத்தால் குடத்தை நாடுகிறோம்; குடத்தில் இருப்பதை நமக்காக யாரோ வடிகட்டியும் காய்ச்சியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் பேச வந்தது வீட்டுத் தண்ணீரைப் பற்றி அன்று. ஊரை விட்டு நீங்கி, காட்டிலும் மலையிலும் கூடாரம் அடித்துத் தங்கும்போதும், ஓடத்தில் ஏறி ஆற்றிலும் ஏரியிலும் பல நாள் பயணம் செய்யும்போதும் நாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றியே பேச வந்தேன். அங்கே குடத்தை நிரப்புபவரும் நாமே, காய்ச்சுபவரும் நாமே, தவறு நேர்ந்தால் துன்புறுபவரும் நாமே.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அவற்றுள் பல ஆண்டுகள் சாரணர் படைக்கும் ஆசிரியனாக இருந்தேன். வகுப்பறையில் நான் செய்த தவறுகளைக் கரும்பலகையில் அழித்துத் திருத்திக்கொள்ள முடிந்தது. காட்டில் செய்த ஒரு தவறு மட்டும் என் நெஞ்சில் அழியாமல் நிற்கிறது. அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1989ஆம் ஆண்டு, அரையாண்டுத் தேர்வு விடுமுறை. இருபத்து நான்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு கொல்லிமலைக்கு ஐந்து நாள் முகாமிற்குச் சென்றோம். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆறு ஆறு பேராக நான்கு அணிகள். எங்கள் முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் சமையல் முடிந்ததும் ஒரு பெரிய அண்டாவில் நீரைக் கொதிக்க வைத்து மூடிவிடுவோம். அது இரவெல்லாம் ஆறும். காலையில் ஒவ்வொருவனும் தன் புட்டியை அதில் நிரப்பிக்கொள்வான். வேறு தண்ணீரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. இந்த விதியை வகுத்தவன் நானே. அதை மீறியவனும் நானே.

மூன்றாம் நாள் நெடுநடை சென்றோம். திரும்பும்போது பாதை தவறிவிட்டது. நண்பகலிலேயே புட்டிகள் காலியாகிவிட்டன. பிற்பகல் மூன்று மணியளவில், பாறைகளுக்கிடையே சலசலத்து ஓடிய ஓர் ஓடையை அடைந்தோம். பளிங்கு போன்ற நீர். அடியில் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். பிள்ளைகள் கரையிலேயே நின்றார்கள், ஒருவனும் குனியவில்லை. விதி அவர்களுக்கு நினைவிருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், படையிலேயே இளையவன், என்னைப் பார்த்து, “ஐயா, குடிக்கலாமா?” என்று கேட்டான்.

அந்த நேரத்தில் என் தோளில் முதலுதவிப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதனுள் டிங்க்சர் அயோடின் சீசா இருந்தது. புட்டிகளில் நீரை மொண்டு, சில துளிகளை விட்டு, அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். அந்த அரை மணி நேரம் எனக்கு நீளமாகத் தோன்றிற்று. நான் குனிந்து இரு கைகளாலும் அள்ளிக் குடித்தேன். “இவ்வளவு தெளிந்த நீரில் என்ன இருக்கப்போகிறது? குடியுங்கள்!” என்றேன். அனைவரும் வயிறு நிறையக் குடித்தார்கள்.

பாதை ஓடையை ஒட்டியே மேலேறிற்று. இருநூறு அடி எடுத்து வைத்திருப்போம். ஒரு திருப்பத்தில் ஓடை சிறு குட்டையாகத் தேங்கி நின்றது. அதில் ஏழெட்டு மாடுகள் முழங்கால் அளவு நீரில் நின்றுகொண்டிருந்தன. கரையெல்லாம் சாணமும் சேறும். நான் கண்டதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவர்களை விரைந்து நடக்கச் சொன்னேன்.

மறுநாள் இரவு ஒன்பது மாணவர்களுக்கு வயிற்றுவலியும் காய்ச்சலும் பேதியும் கண்டன. எல்லாரினும் மோசமாக இருந்தவன், என்னிடம் அனுமதி கேட்ட அந்தச் சிறுவன். நள்ளிரவில் அவன் கண்கள் குழிந்துவிட்டன, நாக்கு வறண்டுவிட்டது, கையின் தோலைக் கிள்ளிவிட்டால் அது உடனே படியாமல் மடிப்பாகவே நின்றது. உடலின் நீர் வற்றிவிட்டது என்பதற்கு இவையெல்லாம் அடையாளங்கள். மலையிலிருந்து இறங்க அந்த நேரத்தில் வண்டி இல்லை. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கரைத்தோம். அதைக் கரண்டி கரண்டியாக விடியும்வரை அவனுக்குப் புகட்டினேன். வாந்தி எடுத்தால் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் புகட்டினேன்.

இந்த எளிய மருந்தின் பெருமையை நீங்கள் அறிய வேண்டும். 1971இல் வங்காளதேசப் போரின்போது, எல்லையை ஒட்டிய பன்காவ் என்னும் ஊரின் அகதி முகாமில் வாந்திபேதி பரவிற்று. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே குடிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கிற்று. குடல் சர்க்கரையை உள்ளே இழுக்கும்போது உப்பும் உடன் செல்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. இதுவே அதன் நுட்பம்.

காலையில் முதற் பேருந்தில் சிறுவனை மலையிலிருந்து இறக்கி மருத்துவமனையிற் சேர்த்தோம். அவன் பிழைத்தான். மற்ற எட்டுப் பேரும் இரண்டு மூன்று நாட்களில் தேறினார்கள். எனக்கோ ஒன்றும் நேரவில்லை. அதுவே என்னை மிகுதியும் வருத்திற்று.

சிறுவனின் தந்தை கைத்தறி நெசவாளர். அவர் கடிந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசியிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். மகனின் கட்டிலருகே நின்றுகொண்டு மெல்லச் சொன்னார்: “வாத்தியாரய்யா, நான் ஒன்று சொன்னால் இவன் ஏன் என்று கேட்பான். நீங்கள் சொன்னால் கேட்பதில்லை.” அவ்வளவே. அதற்கு விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

நண்பர்களே, அன்று நான் செய்த பிழை என்ன? ‘தெளிந்த நீர் தூய நீர்’ என்று எண்ணியதே. தெளிவைக் கண்ணால் காணலாம். தூய்மையைக் கண்ணால் காண முடியாது. இவ்வேறுபாட்டைச் சற்று ஆராய்வோம்.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். தலைமயிரின் பருமன் ஏறத்தாழ எழுபது மைக்ரான். நீர் வழியே நோய் தரும் உயிர்கள் மூவகை. முதல் வகை ஓரணு உயிர்கள். ஜியார்டியா என்பது நீரில் ஓடு மூடிய நிலையில் மிதக்கும்போது எட்டு முதல் பன்னிரண்டு மைக்ரான் இருக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்பது நான்கு முதல் ஆறு மைக்ரான். இரண்டாம் வகை பாக்டீரியாக்கள். வாந்திபேதி, சீதபேதி, குடற்காய்ச்சல் ஆகியவற்றை உண்டாக்கும் இவை ஓரிரு மைக்ரான் நீளமே உள்ளவை. மூன்றாம் வகை வைரஸ்கள். மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஒரு வைரஸ் ஒரு மைக்ரானில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. இவற்றுள் எதுவும் நீரைக் கலக்குவதில்லை; நிறத்தை மாற்றுவதில்லை; சுவையைக் கெடுப்பதில்லை. கூழாங்கல்லை எண்ணவல்ல கண்ணுக்கு இவை புலப்படுவதில்லை.

ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லேவன்ஹூக், தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியாக 1681இல் ஜியார்டியாவைக் கண்டார். எங்கே கண்டார் தெரியுமா? தமக்கு வயிறு கெட்டிருந்த நாளில் தம் கழிவிலேயே கண்டார். வாந்திபேதிக் கிருமியைத் தேடி இந்தியாவிற்கு வந்த ஜெர்மானியர் ராபர்ட் காக், 1884இல் கல்கத்தாவில் மக்கள் புழங்கிய குளத்து நீரிலேயே அதைக் கண்டார். நோய் நீரில் தானே பிறப்பதில்லை. மனிதரின் கழிவோ விலங்கின் கழிவோ நீரிற் கலக்கிறது. அந்த நீரை மற்றொருவர் குடிக்கிறார். இந்தச் சங்கிலியை எங்கேனும் அறுத்துவிட்டால் நோய் இல்லை.

‘ஆள் நடமாட்டமே இல்லாத காட்டு நீரில் கழிவு ஏது?’ என்று கேட்பீர்கள். வட அமெரிக்காவைப் பாருங்கள். மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டி, பத்து லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காடு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதனுள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். கனூ என்னும் இலேசான துடுப்போடங்களில் ஏறி, ஓர் ஏரியிலிருந்து மறு ஏரிக்கு ஓடத்தைத் தோளிற் சுமந்து சென்று, வாரக்கணக்கில் மக்கள் அங்கே பயணம் செய்கிறார்கள். ஊரில்லை, சாலையில்லை, ஆலையில்லை. ஆயினும் அங்கே நீரைத் தூய்மை செய்யாமல் குடிக்கக் கூடாது என்றே பயணிகளுக்கு அறிவுறுத்துகிறார்கள். ஏனெனில் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கும் ஜியார்டியாவைச் சுமக்க வல்லது. வாஷிங்டன் மாநிலத்துக் காமஸ் என்னும் ஊரில் 1976இல் இந்நோய் பரவியபோது, ஊருக்கு நீர் தந்த காட்டுப் பகுதியில் நோய் தொற்றிய பீவர்களைக் கண்டுபிடித்தார்கள். அந்நாட்டார் இந்நோயைப் பீவர்க் காய்ச்சல் என்றே பேச்சுவழக்கிற் சொல்கிறார்கள்.

இந்நோய் நீரைக் குடித்த அன்றே வெளிப்படுவதில்லை. ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்து வெளிப்படும். அதற்குள் பயணி வீடு திரும்பியிருப்பார். நோயை வீட்டுச் சாப்பாட்டின்மேல் சாட்டுவார். ‘காட்டு நீர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்று அயலாரிடமும் சொல்வார். ஒருவர் குடித்து நலமாக இருப்பது நீரின் தூய்மைக்குச் சான்று ஆகாது. கொல்லிமலை ஓடையை முதலிற் குடித்த நானே அதற்குச் சாட்சி.

இனி, செய்ய வேண்டியது என்ன? நான்கு படிகள் உண்டு. தேர்தல், தெளிவித்தல், கிருமியை நீக்கல், காத்தல். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

முதலாவது தேர்தல். ஓடையாயின் மேல்நோக்கிச் சிறிது தூரம் நடந்து பாருங்கள். மாட்டுத்துறையோ குடியிருப்போ வண்ணான்துறையோ இருக்கிறதா என்று காணுங்கள். இருநூறு அடி முன்னதாக நடந்திருந்தால் நான் இன்று இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிராது. ஏரியாயின் கரையோரத்தை விட்டு, ஓடத்தில் நடுப்பகுதிக்குச் சென்று மொள்ளுங்கள். பச்சை வண்ணத்தைக் கரைத்துவிட்டாற்போல் பாசி படர்ந்த நீரை அறவே விலக்குங்கள். அப்பாசியுள் சில நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. தோட்டங்களுக்கு அடிக்கும் பூச்சிமருந்து கலந்த நீரும் அத்தகையதே. கிருமியைத் தீயால் கொல்லலாம். நஞ்சைத் தீயால் கொல்ல முடியாது.

இரண்டாவது தெளிவித்தல். கலங்கிய நீரைச் சில மணி நேரம் அசையாமல் வைத்தால் மண் படியும். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டு நீரை ஊற்றுவார்கள். கொட்டையிலிருந்து கரையும் பொருள் நீரில் மிதக்கும் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்கிறது. ஒட்டியவை கனத்து அடியிற் படிகின்றன. படிகாரமும் அவ்வாறே செய்கிறது. பின்பு மேல்நீரை இறுத்து, மடித்த துணியில் வடிகட்ட வேண்டும். துணியை எளிதாக நினைக்க வேண்டா. வங்காளதேசத்துக் கிராமங்களில் ரீட்டா கால்வெல் என்னும் அமெரிக்க அறிவியலாரும் அவரைச் சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு 2003இல் வெளியாயிற்று. பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடிகட்டிய வீடுகளில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வாந்திபேதிக் கிருமி நீரில் வாழும் சிற்றுயிர்களின்மேல் பெரிதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அச்சிற்றுயிர்களைச் சேலை தடுத்துவிடுகிறது. எனினும் பாதி குறைந்தது என்றால் பாதி எஞ்சியது என்றுதானே பொருள்? ஆகவே தெளிவித்தல் தூய்மைக்கு முதற்படி, தூய்மை ஆகாது.

மூன்றாவது, கிருமியை நீக்கல். இதற்குப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வலிமையும் ஒரு குறையும் உண்டு.

கொதிக்க வைத்தல் எல்லாவற்றிலும் சிறந்தது. மூவகைக் கிருமிகளும் அதற்குத் தப்புவதில்லை. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதித்தாற் போதும். மலையில் உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதை நீங்கள் பௌதிகப் பாடத்திற் படித்திருப்பீர்கள். ஏறத்தாழ முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். கடற்கரையில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் நீர், உதகமண்டலத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அஞ்ச வேண்டா, அந்த வெப்பமும் கிருமிகளைக் கொல்லப் போதுமானது. ஆயினும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் கொதிக்கவிடுவது நல்லது. குறை என்னவெனில், விறகு வேண்டும். ஆறுவதற்கு நேரம் வேண்டும். ஆகவே நாளைய நீரை இன்று மாலையே காய்ச்சிவிட வேண்டும்.

அடுத்தது குளோரின். கடைகளில் வில்லைகளாகக் கிடைக்கிறது. உறையில் எழுதியுள்ள அளவு நீரில் இட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன்பின் நீரில் இலேசான குளோரின் மணம் வீச வேண்டும். பலர் அந்த மணத்தை வெறுக்கிறார்கள். உண்மையில் அது காவற்காரனின் குரல். கிருமிகளோடு போரிட்டபின்னும் மருந்து மிச்சம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். நீர் கலங்கியிருந்தால் சேறே மருந்தைத் தின்றுவிடும். தெளிவித்தல் முன்னே வரவேண்டும் என்றது இதனாலேதான். குறை என்னவெனில், கிரிப்டோஸ்போரிடியம் சாதாரண அளவுக் குளோரினுக்கு மடிவதில்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குளோரின் இட்ட குழாய் நீரின் வழியே இக்கிருமி பரவி, ஏறத்தாழ நான்கு லட்சம் பேரை நோயில் வீழ்த்திற்று.

அயோடினும் இவ்வாறே. நூற்றுக்கு இரண்டு பங்கு உள்ள டிங்க்சர் அயோடினில் ஐந்து துளி ஒரு லிட்டர் தெளிந்த நீருக்கு விட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நீர் மிகக் குளிர்ந்திருந்தால் இன்னும் நேரம் தர வேண்டும். கர்ப்பிணிகளும் தைராய்டு நோய் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் பல வாரங்கள் தொடர்ந்து குடிக்கலாகாது. கிரிப்டோஸ்போரிடியத்தை இதுவும் கொல்லாது.

இக்காலத்தில் கைக்கு அடக்கமான வடிகட்டிகள் வந்துள்ளன. கனூப் பயணிகள் ஏரி நீரை ஒரு பையில் மொண்டு மரக்கிளையில் தொங்கவிடுகிறார்கள். நீர் தன் எடையாலேயே வடிகட்டியின் ஊடே இறங்கிக் கீழே உள்ள பாத்திரத்தை நிரப்புகிறது. துளை ஒரு மைக்ரானுக்கு மேற்படாவிட்டால் ஓரணு உயிர்களைத் தடுக்கும், 0.2 மைக்ரான் ஆனால் பாக்டீரியாக்களையும் தடுக்கும். வைரஸ்களோ அதனினும் சிறியவை, நழுவிவிடும். மனிதக் கழிவு கலந்திருக்கக்கூடிய இடத்தில், வடிகட்டியபின் குளோரினும் இடுதல் அறிவுடைமை. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்.

ஒன்றும் கையில் இல்லாதபோது கதிரவன் இருக்கிறான். நிறமற்ற, இரண்டு லிட்டருக்கு மேற்படாத தெளிவான பிளாஸ்டிக் புட்டியில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வைக்க வேண்டும். வானம் பாதிக்கு மேல் மேகமூட்டமாயின் இரண்டு நாள் வைக்க வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர்கள் கிருமிகளைச் செயலற்றவை ஆக்குகின்றன. விடாமழை பெய்யும் நாளில் இம்முறை உதவாது.

நான்காவது காத்தல். காய்ச்சிய நீரில் ஈரக் கையோடு லோட்டாவை விட்டு மொண்டால் செய்த வேலை அத்தனையும் வீணாகும். நீண்ட காம்புள்ள அகப்பையோ, சாய்த்து ஊற்றும் வாய் குறுகிய பாத்திரமோ வேண்டும். பச்சை நீர் மொள்ளும் பாத்திரத்தையும் தூய நீர் வைக்கும் பாத்திரத்தையும் வேறு வேறாக வைத்து அடையாளம் இடுங்கள். பல் துலக்கவும் தூய நீரையே கொள்ளுங்கள். சமைப்பவர் கையைச் சோப்பிட்டுக் கழுவட்டும்.

இன்னும் ஒன்று. மலசலம் கழிக்கும் இடம் ஓடையிலிருந்தும் ஏரியிலிருந்தும் இருநூறு அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். சிறு குழி தோண்டி மண்ணிட்டு மூட வேண்டும். மேலே இருப்பவர் கெடுத்த நீரை நாம் குடித்தோம் என்று குறை சொல்கிறோமே, நமக்குக் கீழேயும் ஒருவர் குடிக்கிறார் அல்லவா? ஓடையின் கரையில் நிற்கும் எவரும் ஒருவருக்குக் கீழே இருக்கிறார். மற்றொருவருக்கு மேலே இருக்கிறார். அந்தக் குட்டையில் நின்ற மாடுகளுக்கு இது தெரியாது. நமக்குத் தெரியும்.

இவை எல்லாம் அரிய வித்தைகள் அல்ல. ஒரு நாளிற் கற்றுக்கொள்ளலாம். அரிதானது ஒன்றே ஒன்று: தாகம் தொண்டையை இறுக்கும்போது அந்த அரை மணி நேரம் காத்திருப்பது. 1989இல் எனக்கு முறை தெரியாமல் இல்லை. மருந்து இல்லாமலும் இல்லை. பொறுமை இல்லாமற் போயிற்று. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் பழமொழி. தலைமை ஏற்பவர் பதறினால் சிதறுவது அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

அந்தச் சிறுவனைப் பற்றி ஒரு சொல் சொல்லி முடிக்கிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு மலை முகாம். அவன் தந்தை அவனை அனுப்புவார் என்று நான் நினைக்கவில்லை, அனுப்பினார். அவன் அப்போது ஓர் அணியின் தலைவன். நெடுநடையில் நீர் தீர்ந்தது. ஓர் ஓடையருகே நின்றோம். இம்முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே இரண்டு பேரை ஓடையின் மேற்புறம் சென்று பார்த்துவர அனுப்பினான், துணியில் வடிகட்டினான், புட்டிகளில் வில்லைகளை இட்டான், கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டான்.

வெயில் கடுமையாக இருந்தது. சிறிது நேரம் பொறுத்து, என் புட்டியை எடுக்க நான் கையை நீட்டினேன். அவன் புட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, “ஐயா, இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது” என்றான்.

நான் கையை மடக்கிக்கொண்டேன். ஒரு மாணவன் என் சொல்லுக்கும் ஆசைக்கும் மேலாக ஓர் உண்மையை வைத்து என்னைத் தடுத்தான். ஆசிரியனுக்கு இதனினும் வேறு என்ன பேறு வேண்டும்? அந்தப் பத்து நிமிடமும் நாங்கள் ஒரு பாறை நிழலில் அமர்ந்து ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீர் மிகத் தெளிவாகவே இருந்தது.

நண்பர்களே, விடுமுறையில் மலைக்கும் காட்டுக்கும் செல்லுங்கள், ஓடமும் ஏறுங்கள். செல்லும்போது உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவன், அல்லது ஒருத்தி, இருக்கட்டும். அது நீங்களாகவே இருந்தால் இன்னும் நன்று.